வீட்டில் புழங்கும் குளோரின் சுற்றுச்சூழலுக்குக் கேடா?

நீரோட்டம்:
தரை துடைக்கவும் துணி வெளுக்கவும் பயன்படுத்தும் பிளீச் திரவத்தை வீடுகளிலிருந்து முற்றிலும் அகற்ற வேண்டும் என்பது என் நிலைப்பாடு. நன்னீரில் எஞ்சும் குளோரினுக்கு லிட்டருக்கு 19 மைக்ரோகிராம் என்பதே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1980களில் வகுத்த குறுகிய கால வரம்பு. அதற்கு மேல் போனால் மீன்களுக்கும் சிற்றுயிர்களுக்கும் ஆபத்து. 5 சதவீதக் கரைசலிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 50 கிராம் இருக்கிறது. அதாவது அந்த வரம்பைப் போல 25 லட்சம் மடங்குக்கும் மேல். காகித ஆலைக் கழிவில் டையாக்சின் என்னும் கொடிய நச்சை உண்டாக்கியதும் இதே குளோரின்தானே?

சோதனைக்குழாய்:
கணக்கு சரி, ஆனால் அது குப்பியையும் ஆற்றையும் நேருக்கு நேர் வைத்துப் போட்ட கணக்கு. நடுவில் இருக்கும் சாக்கடையை விட்டுவிட்டீர்கள். பிளீச்சில் இருப்பது குளோரின் வாயு அன்று, சோடியம் ஹைப்போகுளோரைட். கழிவுநீரிலுள்ள எண்ணெய்ப்பசை, சிறுநீர், சோப்பு அழுக்கு ஆகியவற்றோடு வினைபுரிந்து அது விரைவிலேயே தன் வீரியத்தை இழந்து, பெரும்பகுதி சாதாரண உப்பாகிவிடுகிறது. காகித ஆலைகளின் கதை வேறு: அங்கே மரக்கூழில் எஞ்சியிருந்த, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளோடு குளோரின் வாயுவே நேரடியாக வினைபுரிந்தது, பல ஆலைகள் பின்னர் குளோரின் டையாக்சைடுக்கு மாறியதும் டையாக்சின் வெகுவாகக் குறைந்தது. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே பொருளும் ஒன்றாகிவிடாது.

நீரோட்டம்:
“பெரும்பகுதி” என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். என் கவலை மீதிப் பகுதியைப் பற்றியது. அது கரிமப் பொருள்களோடு சேர்ந்து குளோரோஃபார்ம் போன்ற சேர்மங்களை உண்டாக்குகிறது. குளோரின் கலந்த குடிநீரில் இவை உருவாவதை நெதர்லாந்தின் யோஹானஸ் ரூக் 1974இல் வெளியிட்டு அரை நூற்றாண்டு ஆகிறது. குப்பி வீட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்தவற்றையும் பாருங்கள்: உப்புநீரை மின்னாற்பகுத்துக் குளோரின் எடுக்கும் பழைய ஆலைகள் பாதரசத்தை மின்வாயாகப் பயன்படுத்தின. அதைக் கைவிட 2025ஐக் கெடுவாக, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கை விதிக்க வேண்டியிருந்தது என்றால், சிக்கல் சிறியதாகவா இருந்திருக்கும்?

சோதனைக்குழாய்:
பாதரசம் பற்றிய குற்றச்சாட்டை மறுக்க மாட்டேன். பாதரசமே தேவைப்படாத சவ்வு முறைக்கு மாறியதே அதற்கான விடை. ஆனால் அதே மின்கலத்தில் குளோரினோடு சேர்ந்து பிறப்பது காஸ்டிக் சோடா. பிளீச்சை விட்டுவிட்டுச் சோப்புக் கட்டியைக் கையில் எடுத்தாலும் நீங்கள் அந்த ஆலையின் வாடிக்கையாளர்தான். குளோரோஃபார்முக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் வழிகாட்டும் அளவு லிட்டருக்கு 300 மைக்ரோகிராம். இந்தத் துணைப்பொருள்களுக்கு அஞ்சிக் கிருமி நீக்கத்தைத் தளர்த்தக் கூடாது என்றும் அதுவே எச்சரிக்கிறது.

கழுவுதொட்டி:
இருவரும் ஆற்றையும் ஆலையையும் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கண்ணெதிரே தெரியும் ஆபத்து குளியலறையில் இருக்கிறது. அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தின் மேல் பிளீச்சை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியாவோடு கலந்தால் குளோரமின் என்ற எரிச்சலூட்டும் வாயு. நான் ஒருமுறை அப்படிக் கலந்துவிட்டு, கண்ணெரிச்சலோடும் இருமலோடும் வெளியே ஓடியிருக்கிறேன். சாக்கடை எல்லாவற்றையும் செரித்துவிடும் என்ற வாதமும் செப்டிக் டேங்க் உள்ள வீட்டுக்கு முழுமையாகப் பொருந்தாது. ஒரு மூடி அளவை அது தாங்கும். முழுக் குப்பியையும் ஒரே நேரத்தில் கவிழ்த்தால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் மடியக்கூடும். அழுக்கின் மேலேயே பிளீச்சை ஊற்றுவது இன்னொரு வீண் செலவு. அழுக்கே அதைத் தின்றுவிடுவதால் கிருமிக்கு மிச்சம் இருப்பதில்லை, உடனே இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம். முதலில் சோப்பால் கழுவிவிட்டால் 0.1 சதவீதக் கரைசலே பெரும்பாலான பரப்புகளுக்குப் போதும்.

நீரோட்டம்:
ஆலைக் கழிவையும் வீட்டுக் கழிவையும் ஒன்றாக்கியது என் பிழைதான். ஆனாலும் துணி வெளுக்கச் சோடியம் பெர்கார்பனேட் இருக்கையில் பிளீச் எதற்கு? அது தண்ணீர், ஆக்சிஜன், சலவைச் சோடா என்று பிரிந்துவிடுகிறது.

சோதனைக்குழாய்:
வெந்நீரில் அது நன்றாக வேலை செய்யும். குளிர்ந்த நீரில் மந்தம். தண்ணீரைச் சூடாக்கும் எரிபொருளையும் கணக்கில் சேர்த்துவிட்டுச் சொல்லுங்கள். மற்றபடி, அன்றாடம் தரை துடைக்கப் பிளீச் தேவையில்லை என்பதில் உங்களோடு எனக்கு வேறுபாடு இல்லை. வீட்டில் ஒருவர் வாந்திபேதியால் படுத்திருக்கும் நாளைப் பற்றியே நான் பேசுகிறேன்.

நீரோட்டம்:
அந்த நாளுக்காக ஒரு சிறிய குப்பி இருக்கட்டும். மாதந்தோறும் பெரிய குப்பியாக வாங்கிச் சேர்ப்பதைத்தான் இன்னும் எதிர்க்கிறேன். வெயிலும் சூடும் பட்டு அதன் வீரியம் தானாகவே குறைந்துவிடும் என்பதையும் நீங்கள் மறுக்க மாட்டீர்கள்.