மறு: ‘பவுன்ஸ்’ – துள்ளல் என்று போட வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம்.

குதிரைப் பந்தயச் சொற்பட்டியலில் ‘பவுன்ஸ்’ என்பதற்கு எதிரே ‘துள்ளல்’ என்று இருக்கிறது. எடுத்துவிட வேண்டும், பொருள் தலைகீழாகிறது. ஒரு குதிரை உச்ச ஓட்டம் ஓடி வென்றுவிட்டு, அடுத்த ஓட்டத்திலேயே சுருண்டுவிடுவதைத்தான் அமெரிக்கக் கணிப்பாளர்கள் அப்படிச் சொல்கிறார்கள். துள்ளல் என்று படிக்கிறவர், அடுத்த முறை இன்னும் வேகமாக ஓடும் என்றல்லவா பணம் கட்டுவார்? செக் பவுன்ஸ் ஆனால் ‘துள்ளிவிட்டது’ என்று யாரும் சொல்வதில்லை, ‘திரும்பிவிட்டது’ என்கிறோம்.

பட்டப் பந்தயத்துக்குக் குதிரைகளை எடைபோடும்போது இந்தச் சொல் இல்லாமல் நகர முடியாது. அமெரிக்காவின் அந்தப் பட்டப் பந்தயமான பிரீடர்ஸ் கப் கிளாசிக் 10 ஃபர்லாங் (ஒன்றே கால் மைல்) ஓட்டம். 14 குதிரைகளுக்கு மேல் இடமில்லை. 2007 முதல் குறிப்பிட்ட சில பந்தயங்களில் வென்றாலே நேரடி இடம் கிடைக்கிறது. அதனால் கையில் இருக்கும் பட்டியலில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஜெயித்த குதிரைகளே நிறைய. அவை ஒவ்வொன்றையும் பார்த்துக் கேட்க வேண்டியது: இருந்ததையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு வந்ததா?

‘பின்னயர்வு’ என்று முன்மொழிகிறேன். பின் + அயர்வு. ‘பின்னயர்ந்தது’ என்று வினையாகவும் வரும்.

எடுத்துக்காட்டு: கோஸ்ட்ஸாப்பர், 2004. ஆகஸ்ட் 21 அன்று மான்மத் பார்க்கில் ஐஸ்லின் பந்தயத்தில் அதற்குக் கிடைத்த பையர் வேக எண் (ஓட்ட நேரத்தைத் தளத்துக்கு ஏற்பத் திருத்திப் போடும் மதிப்பெண்; கூடினால் வேகம் கூட) 128. அதுவரை அதன் உச்சம் 120. மூன்றே வாரத்தில், உட்வர்ட் பந்தயத்தில் 114. செயின்ட் லியமோடு மல்லுக்கட்டி ஒரு கழுத்து வித்தியாசத்தில் தப்பித்தது. பிறகு ஏழு வாரம் விட்டு, அக்டோபர் 30 கிளாசிக்கில் 124, வெற்றி. கொட்டியது, அயர்ந்தது, தேறியது.

– வா.மு.

———

> கொட்டியது, அயர்ந்தது, தேறியது.

வா.மு. ஐயா, துள்ளலை நீக்குவதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ‘அயர்வு’ காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது எண் இறங்கியது மட்டும்தானே?

எண் இறங்க அயர்வு தேவையே இல்லை. எந்தக் குதிரையும் தன் வழக்கமான அளவைச் சுற்றி ஏறி இறங்கி ஓடுகிறது. அதன் ஆகச் சிறந்த நாளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ‘அடுத்த முறை குறைந்ததா?’ என்று கேட்டால் பெரும்பாலும் குறைந்துதான் இருக்கும். சராசரியை நோக்கிய மீள்வு அது. எண்ணிலேயே பிழை இருக்கவும் வாய்ப்புண்டு. அன்றைய தளம் எவ்வளவு வேகமாக இருந்தது என்று மற்ற ஓட்டங்களை வைத்துக் கழித்துக் கூட்டித்தான் வேக எண் போடுகிறார்கள். அந்த நாளில் மண் தளத்தில் நீள ஓட்டம் ஒன்றே ஒன்று என்றால், ஒப்பிட ஆளில்லாமல் திருத்தம் பிசகும். 128 என்பது 124 ஆக இருந்திருந்தால் உங்கள் சரிவில் கால் பங்குக்கு மேல் அப்போதே கரைகிறது.

இன்னொரு குதிரையையும் பாருங்கள். ஃபிளைட்லைன், 2022. முந்தைய உச்சம் 118. செப்டம்பர் 3, டெல் மார் பசிபிக் கிளாசிக்கில் 126, வெற்றி இடைவெளி பத்தொன்பதே கால் உடல்நீளம் (ஒரு குதிரையின் நீளம் ஓர் உடல்நீளம்). கோஸ்ட்ஸாப்பரைப் போலவே எட்டு எண் பாய்ச்சல். ஒன்பது வாரம் கழித்து கீன்லாந்தில் கிளாசிக்: எண் 121, எட்டே கால் உடல்நீள வெற்றி. எண் ஐந்து இறங்கியிருக்கிறது. இதைப் பின்னயர்வு என்பீர்களா? சாம்பியன் பட்டத்தை வாரிக்கொண்டு போன குதிரையை அயர்ந்தது என்றால் சிரிப்பார்கள்.

காரணம் பேசாத சொல்லாக ‘எண்சரிவு’ போதும்.

– ச.இ.

———

இருவருக்கும்: ‘எண்சரிவு’ காதில் விழுந்ததும் பங்குச் சந்தைதான் நினைவுக்கு வருகிறது :-) கொட்டிக் காய்த்த மாமரம் மறு வருஷம் ஓய்ந்துபோவதை நம் ஊரில் ‘ஓய்ஞ்சிருக்கு’ என்பார்கள். ‘மறு ஓய்வு’ என்று போடலாமா?

– தே.

———

தே. தம்பி, மாமரம் அழகான ஒப்புமை, ஆனால் பந்தயத்தில் ‘ஓய்வு’ என்றால் இனி ஓடாது, இனப்பெருக்கப் பண்ணைக்குப் போய்விட்டது என்று பொருள். ஃபிளைட்லைன் அந்தக் கிளாசிக்கோடு ஓய்வு பெற்றது. குழப்பம் வரும்.

ச.இ. சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எண்சரிவை மட்டும் வைத்துக்கொண்டால் கணிப்பவருக்கு ஒன்றும் சொன்னதாகாது. என் வருத்தம் வேறு: தோற்ற குதிரைக்கெல்லாம் ‘பவுன்ஸ்’ என்று சொல்லித் தப்பிக்கும் வழக்கம் அங்கே ஏற்கெனவே உண்டு. நாமும் ஒரு சொல்லை வரையறையின்றி விட்டால் அதே கதிதான்.

2008 பெல்மாண்ட் பந்தயத்தில் பிக் பிரவுன் கடைசியாக வந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ் என்ற இரு பெரும் பந்தயங்களை வென்ற களைப்பு என்று எழுத வசதியாக இருக்கும். ஆனால் இடையில் அதன் முன்னங்கால் குளம்பில் வெடிப்பு. ஓட்டத்தின்போது பின்னங்கால் லாடம் பிசகியிருந்ததும் பிறகு புகைப்படத்தில் தெரிந்தது. இது பின்னயர்வு ஆகாது. 2004 பிரீக்னஸை பதினொன்றரை உடல்நீளத்தில் வென்ற ஸ்மார்ட்டி ஜோன்ஸ், மூன்று வாரத்தில் பெல்மாண்டில் பேர்ட்ஸ்டோனிடம் ஒரு நீளத்தில் தோற்றது. அங்கே தூரம் 12 ஃபர்லாங். போதாததற்கு நடுவழியிலேயே எதிரிகள் மாறி மாறி நெருக்கினார்கள். முன்வேகச் செலவு (ஓட்டத்தின் முற்பகுதியிலேயே வேகமாக ஓடிச் சக்தியை இழப்பது), தூரம் இரண்டையும் கழிக்காமல் அயர்வு என்று சொல்ல முடியாது. கர்லின் 2008 கிளாசிக்கில் நான்காவதாக வந்தது சாண்டா அனிடாவின் செயற்கைத் தளத்தில். அது மண் தளக் குதிரை.

ஆகவே கழிக்க வேண்டிய வரிசை: முதலில் உடல் (குளம்பு, லாடம், காய்ச்சல்), பிறகு தளம், தூரம், முன்வேகம், அடைபட்டதா அகலமாகச் சுற்றி ஓடியதா என்பது. கடைசியாக, எண்ணே சரியா. இத்தனைக்கும் பிறகு மிச்சமிருக்கும் சரிவுக்கு மட்டும் பின்னயர்வு என்று பேர் வைக்கலாம்.

முன்வேகத்தை வெற்றியிலும் கழிக்க வேண்டும், அதை மறந்துவிடுகிறோம். 2022 டெர்பியில் முதல் கால் மைல் 21.78 நொடி, அரை மைல் 45.36. முன்னால் போனவை எரிந்து விழ, 80க்கு 1 பந்தய விலையில், அதாவது யாரும் நம்பாமல் இருந்த ரிச் ஸ்டிரைக் பின்னாலிருந்து வந்து அள்ளியது. அடுத்து பெல்மாண்டில் ஆறாவது. இது அயர்வா? அப்படி எரிந்து விழ பெல்மாண்டில் ஆளில்லை, அவ்வளவுதான். டெர்பி வெற்றியே கடன் வாங்கியது.

– க.அ.

———

க.அ. அம்மாவின் வரிசையை ஏற்கிறேன். ச.இ. கேட்டதற்கும் பதில்: ஃபிளைட்லைனைப் பின்னயர்வு என்று சொல்ல மாட்டேன். 10 ஃபர்லாங்கில் ஐந்து எண் என்பது ஏறக்குறைய மூன்று உடல்நீளம். (6 ஃபர்லாங்கில் ஒரு நீளத்துக்கு இரண்டரை எண்; தூரம் கூடக்கூட ஒரு நீளத்தின் மதிப்பு குறையும்.) எட்டே கால் நீளம் முன்னால் இருந்தபோது ஜாக்கி மூன்று நீளத்தை விரட்டிப் பிடுங்க வேண்டிய தேவை என்ன?

இரண்டு குதிரைகளும் எட்டு எண் தாவின. ஒன்றுக்கு மூன்று வாரம், மற்றதற்கு ஒன்பது வாரம். இரண்டை வைத்து விதி எழுத முடியாதுதான், ஆனால் இடைவெளி வரையறைக்குள் வரவேண்டும் என்பதற்குப் போதும். மூன்று வயதுக் குதிரை வசந்தத்தில் தாவினால் அது வளர்ச்சியாகவும் இருக்கலாம்; நான்கு, ஐந்து வயதுக் குதிரை திடீரென்று தாவினால்தான் சந்தேகம். டெர்பிக்கு முந்தைய 9 ஃபர்லாங் ஓட்டங்களில் கடைசி ஃபர்லாங் 13 நொடிக்குள், கடைசி மூன்று 38க்குள் என்று பார்ப்பார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளலாம்: எண் பெரிதாக இருந்தும் கடைசி ஃபர்லாங் 13ஐத் தாண்டினால் குதிரை வென்ற இடத்திலேயே காலியாகிக்கொண்டிருந்தது என்று பொருள்.

பதிவுக்கான வரைவு:

எண்சரிவு – முந்தைய ஓட்டத்தைவிட வேக எண் குறைதல். காரணம் குறிக்காது. வென்ற குதிரைக்கும் பொருந்தும்.

பின்னயர்வு – தன் முந்தைய உச்சத்தை வெகுவாகத் தாண்டி ஓடிய குதிரை, போதிய இடைவெளி இன்றி ஓடிய அடுத்த ஓட்டத்தில் காணும் எண்சரிவு. உடல், தளம், தூரம், முன்வேகம், ஓட்டத் தடங்கல், எண் பிழை ஆகியவற்றைக் கழித்த பின் எஞ்சுவது.

‘துள்ளல்’ நீக்கம்.

– வா.மு.

———

ஒப்புகிறேன். ‘வெகுவாக’ என்பதை மட்டும் எண்ணாக எழுதிவிடுங்கள் ஐயா, இல்லையென்றால் ஆளுக்கொரு வெகு. ஆறு என்று தொடங்கலாமா?

– ச.இ.

———

எட்டு. ஆறு என்றால் தளத் திருத்தப் பிழையே அதை விழுங்கிவிடும்.

– க.அ.