புதுப்பிப்பு: பழைய போன்களில் மட்டும் ஆப் முடங்கிய காரணம் தெரிந்துவிட்டது

கம்பைல்எஸ்டிகேயை (எந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் கருவித்தொகுப்பை வைத்து ஆப்பைக் கம்பைல் செய்கிறோம் என்ற எண்) 35-க்கு, அதாவது ஆண்ட்ராய்டு 15-க்கு, உயர்த்தியதும் எங்கள் ஆப் ஆண்ட்ராய்டு 14-லும் அதற்கு முந்தைய போன்களிலும் 'நோசச்மெத்தட்எரர்' (அழைத்த மெத்தட் இல்லை என்ற பிழை) காட்டி முடங்குகிறது, கோட்லின் மொழியில் எழுதிய கோடில் ஒரு வரிகூட மாறவில்லை என்று எழுதியிருந்தேன். சிக்கல், லிஸ்ட் (வரிசைப் பட்டியல்) எந்த டைப்பிலிருந்து வருகிறது என்ற பரம்பரையில் இருந்தது.

2023-இல் வந்த ஜாவா 21, கலெக்‌ஷனுக்கும் லிஸ்டுக்கும் நடுவே 'சீக்வென்ஸ்டுகலெக்‌ஷன்' என்ற புது இன்டர்ஃபேஸை, அதாவது ஒரு டைப்பில் இருக்க வேண்டிய மெத்தட்களின் வரையறையை, சேர்த்தது. லிஸ்ட், டெக் (இரு முனையிலும் சேர்க்க, எடுக்கக்கூடிய வரிசை), சார்ட்டட்செட் எல்லாம் இப்போது அதன் கீழே வருகின்றன. உண்மையிலேயே நல்ல மாற்றம். முன்பு லிங்க்டுஹாஷ்செட்டின் கடைசி உறுப்பு வேண்டுமென்றால் மொத்தத்தையும் சுற்றி வர வேண்டியிருந்தது. இப்போது கெட்லாஸ்ட் போதும்.

ஆனால் அதோடு ரிமூவ்ஃபர்ஸ்ட், ரிமூவ்லாஸ்ட் இரண்டும் லிஸ்டுக்குள் வந்துவிட்டன. கோட்லினில் அவை ஏற்கெனவே, கிளாஸுக்கு வெளியிலிருந்து சேர்க்கப்படும் எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷன்கள். ஒரே பெயரில் இரண்டும் இருந்தால் கம்பைலர் கிளாஸின் சொந்த மெத்தடைத்தான் எடுக்கும். எஸ்டிகே 35-இல் அந்த மெத்தட் உண்டு, பழைய போனில் கிடையாது. அதனால்தான் கோடைத் தொடாமலே அதன் அர்த்தம் மாறியது.

சரி, தீர்வு: ரிமூவ்அட்(0), ரிமூவ்அட்(லிஸ்ட்.லாஸ்ட்இண்டெக்ஸ்) என்று மாற்றினோம். முடக்கம் நின்றுவிட்டது.

அப்புறம் ஒன்று. ஒரே கிளாஸில் லிஸ்டையும் டெக்கையும் இம்ப்ளிமென்ட் செய்திருக்கிறீர்களா? வரிசையைத் தலைகீழாகத் தரும் ரிவர்ஸ்ட் மெத்தட் இரண்டிலும் வெவ்வேறு டைப்பைத் தருவதால் ஜாவா 21-இல் கம்பைல் ஆகாது. லிங்க்டுலிஸ்ட் செய்வதுபோல நீங்களே அதை ஓவர்ரைடு செய்துவிடுங்கள், அதாவது உங்கள் கிளாஸிலேயே திரும்ப எழுதிவிடுங்கள்.