எக்ஸ் ஃப்ளேர் வந்தும் கேபி 2-லேயே நிற்கிறதே, ஏன்?

புதுஹாம்_திண்டுக்கல்:
வணக்கம். நேற்று காலை பதினொன்றரை மணி வாக்கில் ஹாம் ரேடியோவின் 20 மீட்டர் பேண்டில் (அலைவரிசையில்) ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் மங்கி மறைந்துவிட்டது. இரைச்சல்கூட அடங்கி சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் முள் கீழே படுத்துவிட்டது. கேபிள், கனெக்டர் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. முக்கால் மணி நேரத்தில் தானாகவே சரியானது. அப்புறம் போனைப் பார்த்தால் எக்ஸ்1 ஃப்ளேர் (சூரியனில் மிகப் பலமான வகை வெடிப்பு) என்று அறிவிப்பு. ஆனால் காந்தப்புயலை 0 முதல் 9 வரை அளக்கும் கேபி வெறும் 2. புயலே இல்லாமல் பேண்ட் எப்படிச் செத்தது? இன்று இரவு கரண்ட் போகும், போனை அணைத்து வையுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வேறு சுற்றுகிறது. அம்மா பயந்து போயிருக்கிறார்.

மலைக்காற்று:
கேபியை விட்டுவிட்டு கோஸ் செயற்கைக்கோளின் எக்ஸ்ரே வரைபடத்தைப் பாருங்கள். நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில்_வானலை:
தம்பி, ஃப்ளேர் வேறு, காந்தப்புயல் வேறு. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் இதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஃப்ளேரின் எக்ஸ்ரே எட்டு நிமிடம் சொச்சத்தில் இங்கே வந்து, பகலாக இருக்கும் பக்கத்தில் அயனி மண்டலத்தின் (வளிமண்டலத்தில் மின்னேற்றம் கொண்ட மேல்பகுதி) அடியிலுள்ள டி அடுக்கைத் தடிக்க வைத்துவிடும். சிக்னல் அதற்குள் கரைந்து போகும். தூரத்திலிருந்து வரும் இரைச்சலுக்கும் அதே கதிதான். கேபிள் போனாலும் இப்படித்தான் அடங்கும் என்பதால், அடுத்த முறை எல்லா பேண்டையும் சுற்றிப் பாருங்கள். கீழ் அலைவரிசைகள் முதலில் போய்க் கடைசியில் திரும்பும். மேல் அலைவரிசையான 10 மீட்டர் பேச ஆரம்பித்து, கீழ் அலைவரிசையான 40 மீட்டர் இன்னும் ஊமையாக இருந்தால் ஃப்ளேர்தான். அதே எக்ஸ்1 நமக்கு நள்ளிரவில் வெடித்திருந்தால் உங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

புயலைக் கொண்டுவருவது சிஎம்இ, அதாவது காந்தப்புலத்தைச் சுமந்து வரும் பிளாஸ்மா மேகம். வேகமானது ஒரு நாளுக்குள் வந்துவிடும், மெதுவானதற்கு மூன்று நான்கு நாள் ஆகும். எல்லா ஃப்ளேரும் அதை அனுப்பாது. 2014 அக்டோபரில் 12192 என்ற பெரிய சூரியப்புள்ளிக் கூட்டம் ஆறு எக்ஸ் ஃப்ளேர்களை வெடித்தது, அந்த ஆறில் ஒன்றிலிருந்தும் சிஎம்இ கிளம்பவில்லை. 2024 மே மாதம் 13664 என்ற கூட்டம் நேர்மாறு. மேகத்தின் பின்னால் மேகமாக அனுப்பியது. மே 10 இரவு நம் நேரம் பத்தரை மணி வாக்கில் முதல் அடி விழுந்தது. 2003-க்குப் பிறகு வந்த முதல் ஜி5 (புயல் அளவுகோலின் உச்சப்படி) அது. லடாக்கில் ஹன்லே வானம் துருவ ஒளியால் சிவந்தது.

இனி புயல் வருமா என்ற விஷயத்துக்கு வருகிறேன். சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ கேமரா படத்தில் சூரியனைச் சுற்றி வளையமாக மேகம் விரிகிறதா என்று பாருங்கள். விரிந்தாலும் அதன் புலம் வடக்கா தெற்கா என்பது அளவிடும் விண்கலங்கள் நிற்கும் எல்1 புள்ளியைத் தொடும்போதுதான் தெரியும். அது பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, மிஞ்சிப்போனால் ஒரு மணி நேர அவகாசம். பிசெட், அதாவது அந்தப் புலத்தின் வடக்கு-தெற்குக் கூறு, தெற்கே திரும்பி அப்படியே நின்றால்தான் பலத்த புயல். இரண்டு நாள் முன்பு சொன்ன ஜி3 பிசுபிசுத்துப் போனால் கணித்தவர்களைத் திட்டாதீர்கள்.

அம்மாவிடம் போனை அணைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 1989 மார்ச் 13-ல் கியூபெக் ஒன்பது மணி நேரம் இருண்டது உண்மை. அது வட காந்த துருவத்துக்குப் பக்கம். நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம்.

புதுஹாம்_திண்டுக்கல்:
ரொம்ப நன்றி அண்ணா. அப்படியென்றால் புயலுக்காவது கேபி நமக்குப் பொருந்துமா?

நாகர்கோவில்_வானலை:
ஓரளவுக்குத்தான். கேபி 13 நிலையங்களின் அளவு, பெரும்பாலும் நம்மைவிட வெகு வடக்கே இருப்பவை. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் வெளியிடும் டிஎஸ்டியையும் (நடுக்கோட்டுப் பக்கம் பூமியின் காந்தப்புலம் எவ்வளவு சரிகிறது என்ற அளவு) சேர்த்துப் பாருங்கள். -100 நானோடெஸ்லாவுக்குக் கீழே போனால் கடும் புயல், 2024 மே மாதம் -400 வரை இறங்கியது. 1859 செப்டம்பரில் பம்பாய் கொலாபா நிலையத்தின் காந்தமானி சுமார் 1600 நானோடெஸ்லா சரிவைப் பதிவு செய்தது. அந்தப் பெரும்புயலை இன்றும் ஆராய்கிறவர்கள் நம் கொலாபா பதிவைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். டிராம் மின்சாரத்துக்கு மாறினால் காந்தமானி அளவு கெடும் என்பதால் அந்த வேலையை அலிபாக்குக்குக் கொண்டுபோனார்கள், 1904 முதல் அங்கே நடக்கிறது.