வீட்டு முன்னால் நட காகிதப்பூவா, கெமுனிங்கா, இட்லிப்பூவா? சனிக்கிழமைக்குள் முடிவு வேண்டும்

புதுவீடு_சுபா
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் புது வீட்டுக்குச் சனிக்கிழமை காலை கான்ட்ராக்டர் செடிகளைக் கொண்டு வருகிறார், என்ன செடி என்று இன்று இரவுக்குள் அவருக்குச் சொல்லியாக வேண்டும். காகிதப்பூ, கெமுனிங் (வாசனையான வெள்ளைப்பூ பூக்கும் வேலிச்செடி), இட்லிப்பூ (வெட்சி), பிராங்கிபானி (ஈழத்தலரி) நான்குமே எனக்குப் பிடித்திருக்கிறது. சாமிக்குப் பறிக்க அரளிதான் வேண்டும் என்கிறார் அம்மா. வருடம் முழுக்கப் பூக்க வேண்டும், ரோட்டில் போகிறவர்களுக்கு ஹால் தெரியக் கூடாது, அதிகம் வேலை வைக்கவும் கூடாது. எது நல்லது? அவசரம்.

தொட்டி_மண்
தரைவீடா, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடா? தரையில் நடப்போகிறீர்களா, தொட்டியிலா? வீவக என்றால் பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், அப்போது உங்கள் பட்டியலில் பாதி அடிபட்டுப் போகும்.

ஈசூன்_மாமா
யோசிக்கவே வேண்டாம், காகிதப்பூ வையுங்கள். நம் பாதசாரி மேம்பாலங்களில் ஒரு முழம் அகல மண்ணில், கொளுத்தும் வெயிலில் எப்படிப் பூத்துத் தொங்குகிறது என்று பாருங்கள். மண் குறைவாக இருந்து வேர் கொஞ்சம் வாடினால்தான் அது பூக்கும், தண்ணீரும் உரமும் கூடினால் வெறும் இலையும் முள்ளும்தான்.

வேர்_நோக்கி
இதே கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது, பழைய இழைகளை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. செடியின் பெயரைச் சொல்லி எது நல்லது என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? வீடு எந்தத் திசை பார்த்தது? மண் எவ்வளவு அகலம்? பக்கத்தில் சுவரா, வடிகாலா? எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது? கேட்காமலே எழுத வேண்டிய விவரங்கள் இவை.

மகிழம்பூ_அக்கா
சார், அவசரத்தில் எழுதியிருக்கிறார், கொஞ்சம் மெதுவாகக் கேட்கலாமே. சுபா, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். மஞ்சள் அரளியின் கொட்டை இன்னும் மோசம், இதயத்தையே பாதிக்கும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

புதுவீடு_சுபா
தரைவீடுதான், செராங்கூன் கார்டன்ஸ் பக்கம் வரிசை வீடு. கார் நிறுத்தும் இடத்துக்கும் வீட்டின் முன் சுவருக்கும் நடுவில் 5 மீட்டர் நீளத்துக்கு மண், அகலம் 80 சென்டிமீட்டர் இருக்கும். சுவர் புதிதாகக் கட்டியது. வடக்குப் பார்த்த வீடு. மூன்று வயதில் மகள் இருக்கிறாள். ஒரு பழைய பிராங்கிபானி மரம் ஓரத்தில் நிற்கிறது, இலை எல்லாம் அடியில் ஆரஞ்சு நிறப் பொடியாக இருக்கிறது, அதை எடுத்துவிடலாம் என்று கான்ட்ராக்டர் சொல்கிறார்.

வேர்_நோக்கி
இப்போதுதான் பேச முடிகிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும், அப்போது உங்கள் முன்பக்கத்துக்கு நல்ல வெயில். அதற்குப் பிறகு அடுத்த மார்ச் வரை தெற்கே போய்விடும், இரண்டு மாடி உயர வீட்டின் நிழல் பகலில் பெரும்பகுதி அந்த மண்ணில்தான் விழும். வருடம் முழுக்கப் பூ வேண்டும் என்கிறீர்கள், ஆனால் காகிதப்பூவுக்குத் தினமும் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அதனால் ஈசூன் மாமா சொன்னது இங்கே பாதி வருடத்துக்குத்தான் சரி.

ஈசூன்_மாமா
பாதி வருடம் பூத்தாலும் மற்றச் செடிகள் முழு வருடம் பூப்பதைவிட அழகாக இருக்கும், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் மூன்று வயதுக் குழந்தை ஓடும் இடம், முள் இருக்கிறது. அது உண்மைதான்.

பச்சைக்கை
அந்த ஆரஞ்சுப் பொடி பிராங்கிபானிக்கு வரும் துரு நோய், ஒரு பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் நிறைய வரும், மரம் சாகாது. விழுந்த இலைகளைக் கூட்டிக் கட்டிப் போடுங்கள், மரத்தடியில் விடாதீர்கள். நுனி உருண்டையாக, கரும்பச்சையாக இலை இருக்கும் வெள்ளைப்பூ வகைக்கு இந்த நோய் குறைவு, இலையும் ஒரேயடியாகக் கொட்டாது. வெட்டுவதற்கு முன் ஒன்று கவனியுங்கள்: சிங்கப்பூரில் இரண்டு மரப் பாதுகாப்பு வட்டாரங்கள் உண்டு, அங்கே தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்து சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது, சொந்த நிலமாக இருந்தாலும். உங்கள் முகவரி அதில் வருகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

மகிழம்பூ_அக்கா
அப்புறம் ஏன் கெமுனிங்கை யாரும் பேசவில்லை? வேலிக்கு அதைவிட நல்ல செடி கிடையாது. கத்தரித்துக் கத்தரித்து ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நிறுத்தலாம், அரை நிழலிலும் வளரும். கொஞ்ச நாள் மழை விட்டு மறுபடி பெய்ததும் தெருவிலிருக்கும் கெமுனிங் எல்லாம் ஒரே சமயத்தில் பூத்து, ராத்திரி ஜன்னலைத் திறந்தால் வீடு முழுக்க வாசனை. அந்த வாசனைக்காகவே ஒன்று வைக்கலாம் சுபா.

தொட்டி_மண்
வீட்டில் எலுமிச்சையோ சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய சின்ன ஆரஞ்சோ இருந்தால் கெமுனிங் வேண்டவே வேண்டாம். எலுமிச்சை இனத்துக்குக் கிரீனிங் என்ற நோயைப் பரப்பும் சைலிட் (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) கெமுனிங் தளிரில்தான் குடியிருக்கும். நோய் வந்த மரத்தைக் காப்பாற்ற மருந்து கிடையாது, இலை மஞ்சள் திட்டாகிக் காய் கோணலாகிக் கடைசியில் பிடுங்கத்தான் வேண்டும்.

மகிழம்பூ_அக்கா
தம்பி, அதே பூச்சி கறிவேப்பிலையிலும் வரும். அதற்காக இங்கே எத்தனை பேர் கறிவேப்பிலையைப் பிடுங்கினார்கள்?

தொட்டி_மண்
கறிவேப்பிலை சமையலுக்கு வேண்டும், தினமும் பறிப்பதால் தளிரும் கண்ணில் படும். பத்துக் கெமுனிங்கை வரிசையாக நட்டு, கத்தரிக்கும்போதெல்லாம் புதுத் தளிர் விடவைத்தால் அந்தப் பூச்சிக்கு அது விருந்து. இரண்டும் ஒன்றல்ல அக்கா.

மகிழம்பூ_அக்கா
சுபா எலுமிச்சை வைத்திருப்பதாகச் சொல்லவே இல்லை. இல்லாத மரத்துக்காக இருக்கும் வாசனையை விடச் சொல்கிறீர்கள்.

தொட்டி_மண்
பக்கத்து வீட்டில் இருக்கலாம் இல்லையா, வரிசை வீடு. பூச்சிக்குச் சுவர் தெரியாது.

வேர்_நோக்கி
இரண்டு பேரும் தனியாக ஓர் இழை தொடங்கி இதைப் பேசுங்கள். கேட்டவருக்கு நேரமில்லை. இட்லிப்பூவை எடுத்துக்கொள்வோம், அதுதான் எல்லோரும் சுலபம் என்று நினைத்து நடுவது. அதற்குப் புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். புதுச் சுவர் என்கிறீர்கள், கட்டியவர்கள் சிமெண்ட்டையும் செங்கல் துண்டையும் அதே மண்ணில் புதைத்திருக்க நிறைய வாய்ப்புண்டு. மழை பெய்யப் பெய்ய அதிலிருந்து சுண்ணாம்பு கரைந்து மண்ணுக்கு அமிலம் போய்க் காரத்தன்மை வரும், செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது, புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். உரம் போதவில்லை என்று நினைத்து உரமாகக் கொட்டுவார்கள். இரண்டடி தோண்டிக் கழிவை எடுத்துவிட்டு மக்கு உரம் கலந்து நடுங்கள், சுவரை ஒட்டி நடாதீர்கள்.

கிளிமெண்டி_வள்ளி
இவ்வளவு பேர் பேசியும் நந்தியாவட்டையை ஒருவரும் சொல்லவில்லையே! அம்மாவுக்குச் சாமிப் பூ, சுபாவுக்கு மறைப்பு, அரை நிழல் தாங்கும், பெரிதாகப் பராமரிப்பு இல்லை. அடுக்கு வகை வாங்குங்கள், ஏறக்குறைய எப்போதும் வெள்ளையாகப் பூத்திருக்கும். தலை வரைக்கும் வளரவிட்டுக் கத்தரிக்கலாம், 80 சென்டிமீட்டரில் அடங்கும். சில நேரம் பெரிய பச்சைப் புழு ஒன்று வந்து இரவோடு இரவாக இலையை மொட்டையடிக்கும், பின்னால் குட்டி வால் மாதிரி இருக்கும். கையால் எடுத்துவிட்டால் போதும், மருந்து அடிக்க வேண்டாம். ஒடித்தால் பால் வரும், குழந்தை அதை வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேர்_நோக்கி
நந்தியாவட்டை சரியான தேர்வு. இந்த இடத்துக்கு நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பச்சைக்கை
எது நட்டாலும் தொட்டி வைத்தால் அடித்தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கொஞ்சம் தண்ணீரே போதும், தேசியச் சுற்றுப்புற வாரியத்தார் சோதனைக்கு வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

புதுவீடு_சுபா
எல்லோருக்கும் நன்றி. அடுக்கு நந்தியாவட்டை நான்கு, வெயில் அதிகம் விழும் மூலையில் இட்லிப்பூ ஒன்று. தோண்டியதில் வாளி வாளியாகச் சிமெண்ட் கட்டியும் ஓட்டுத் துண்டும் வந்தது, எடுத்துவிட்டார்கள். பிராங்கிபானியை வெட்டவில்லை. அம்மா சரி என்றுவிட்டார்.

கிளிமெண்டி_வள்ளி
நல்லது சுபா! இட்லிப்பூ பெரிய இலை வகையா, குள்ள வகையா? பெரியது என்றால் இப்போதே நந்தியாவட்டையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

தொட்டி_மண்
பக்கத்து வீட்டில் எலுமிச்சை இருக்கிறதா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள், அக்காவுக்குத் தெரிய வேண்டும்.

மகிழம்பூ_அக்கா
இருந்தாலும் தொட்டியில் ஒரு கெமுனிங் வைக்கலாம் என்றுதான் சொல்வேன் தம்பி. தளிரைப் பார்த்துக் கிள்ளிக்கொண்டே இருந்தால் போதும்.