அப்பாயி வீட்டுப் பிள்ளைகள்

சனிக்கிழமை

பெரியப்பா (காலை 6:12): (பலமுறை பகிரப்பட்டது) அவசரம்!! 2030க்குள் முத்துப்பேட்டை முழுவதும் கடலுக்குள் போகும். விஞ்ஞானிகள் எச்சரிக்கை. உறவினர்களுக்கு உடனே அனுப்பவும்.

பெரியப்பா: எல்லாரும் படிங்க. கீழப்பொட்டல இறால் குட்டைக்குக் குத்தகை விட்டுருவோம்னு நான் ஏன் சொன்னேன்னு இப்பப் புரியும். திங்கக்கிழமை எழுத வர்றாங்க. பத்து வருசம். நாலு பங்குக்காரவுங்க கையெழுத்தும் வேணும்

செல்வி அத்தை: மூழ்கப்போற நெலத்த பத்து வருசத்துக்கு எவன்ணே எடுப்பான்

சரவணன்: அதான

கலா சின்னம்மா: நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயிறு அப்பாயி தெவசம். எத்தன பேரு வர்றீங்க? நாலு நாளா கேக்குறேன்

சித்தப்பா சிங்கப்பூர்: கையெழுத்து நான் எப்புடிப் போடுறது அண்ணே

தேன்மொழி: பெரியப்பா, அந்தச் செய்தி பொய். கடல் ஏறுறது நெசம், இந்த வேகத்துல இல்ல. 1901லேர்ந்து 2018 வரைக்கும் உலகக் கடல்மட்டம் சராசரியா 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. இப்ப வருசத்துக்கு 4 மில்லிமீட்டர் கிட்ட ஏறுது. பத்து வருசத்துக்கு ரெண்டு விரக்கடை. அதுவே நம்ம பக்கம் சாதாரணம் இல்ல, ஏன்னா நெலம் தட்டையா கெடக்கு. ஊர முழுங்குறதுக்கு ரொம்ப முன்னாடியே உப்பு கெணத்துக்குள்ள வந்துரும். புயல் வந்தா தண்ணி முன்னவிட உள்ள வரும். பயப்பட வேண்டியது அதுக்குத்தான்.

செல்வி அத்தை: கீழத்தெரு கெணறு கஜாவுக்கு அப்பறம் வாயில வைக்க முடியல

சரவணன்: 2018 நவம்பர் 16. விடியக்கால. ஓடு பறந்து போனது இன்னும் கண்ணுல இருக்கு

பெரியப்பா: எனக்கு நின்ன தென்னை ஒன்னு இல்ல. அன்னிக்கு யாரு வந்து எட்டிப் பாத்தா

சித்தப்பா சிங்கப்பூர்: லீவு கெடைக்கலன்னு அன்னிக்கே சொன்னேன். இன்னும் எத்தன வருசத்துக்கு அண்ணே

கலா சின்னம்மா: ரெண்டு பேரும் தனியா பேசிக்குங்க. புள்ளைங்க இருக்குற குரூப்பு

செல்வி அத்தை: தெவசத்துக்குப் பித்தள அண்டா வேணும். யாரு வீட்டுல இருக்கு?

சரவணன்: எங்க வீட்டுல இல்ல

தேன்மொழி: கஜாவுல அலையாத்திக் காடும் அடிபட்டுச்சு, நெறைய மரம் முறிஞ்சு செத்துச்சு. திரும்பி எது சீக்கிரம் தளிர்த்துச்சுன்னுதான் மூணு வருசமா பாத்துக்கிட்டிருக்கேன். நேத்து கீழப்பொட்டல்ல ஒரு மீட்டர் குழாய எறக்கி மண்ணு எடுத்தேன். தாத்தா வெட்டுன வாய்க்கா கரையில எடுத்த மண்ணு கன்னங்கரேல்னு, அழுகுன முட்ட நாத்தம், உள்ள நூலு நூலா பழைய வேரு மக்காம அப்புடியே இருக்கு. காத்து புகாத சேத்துல மக்குறது ரொம்ப மெதுவா நடக்கும். மரம் காத்துலேர்ந்து எடுத்த கரி, அதான் கார்பன், அதுல நூத்துக்கணக்கான வருசம் அடஞ்சு கெடக்கும். முப்பது தப்படி தள்ளிப் பொட்டல்ல எடுத்தேன். சாம்ப நெறம், மேல உப்பு வெள்ளையா பூத்து நொறுங்குது. ஒரு வேரு இல்ல. ஒரே நெலம்தான் பெரியப்பா.

சரவணன்: அந்த வாய்க்கா இன்னும் இருக்கா

செல்வி அத்தை: அப்பா தனியா வெட்டுனது. மம்பட்டியும் கூடையும்தான். கடத்தண்ணி ஏத்தத்துல மடவ மீனும் இறாலும் உள்ள ஏறும், வத்தத்துல வாயில வலையப் போட்டு அள்ளுவாரு. எங்க கல்யாணச் செலவெல்லாம் அதுலேர்ந்துதான்

தேன்மொழி: அத்தை, அதத்தான் சொல்ல வந்தேன். வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து நம்ம காட்டக் கூப்புப் போட்டுப் பரப்புப் பரப்பா மொட்டையா வெட்டுனாங்க. நெழலு போனதும் சேறு காஞ்சு எறங்கிப் பள்ளமாச்சு. ஏத்தத்துல வந்த தண்ணி திரும்ப முடியாம தேங்குச்சு, வெயில்ல வத்த வத்த உப்பு ஏறிக்கிட்டே போச்சு. எலை வழியா உப்பத் துப்புற அலையாத்தியே அதுல பொழைக்கல. நம்மாளுங்க மீனுக்காக வெட்டுன வாய்க்கா ஓரத்துல மட்டும் மரம் செழிச்சுச்சு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து ஆளுங்களோட சேந்து மீன்முள்ளு மாதிரி கிளை கிளையா வாய்க்கா வெட்டுனதும் இதே கணக்குலதான், தண்ணி உள்ள போயி வெளிய வரணும். பிச்சாவரத்துலயும் அப்புடித்தான் செஞ்சாங்க. நட்டா மட்டும் காடு வராது. தண்ணி ஓடுனா வெத தானா மெதந்து வந்து சேத்துல ஊனிக்கும்.

தேன்மொழி: இன்னொன்னு. கடல் ஏற ஏற இந்தக் காடும் வண்டலப் புடிச்சுத் தன் தரைய ஒசத்திக்கிட்டே போகும். அதுக்கு வண்டல் வரணும். 1934ல மேட்டூர் அணை கட்டுனதுலேர்ந்து ஆத்துல வர்ற வண்டல் கொறஞ்சுதான் போச்சு. வருசத்துக்கு 6, 7 மில்லிமீட்டர்னு கடல் ஏறுனா காடு ஈடு குடுக்காதுன்னு ஆராய்ச்சி சொல்லுது. இன்னும் அந்த எடத்துக்கு வரல. கையில இருக்குற காலம் இதுதான். குட்டைக்குக் கரை போட்டா மொதல்ல அடையுறது தாத்தா வாய்க்காதான்.

கலா சின்னம்மா: நல்லா இருக்கு தேனு. சாப்புட்டியா

பெரியப்பா: படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்லும். மீனாவுக்கு வாங்குன கடன எந்த வாய்க்கா கட்டும்? ஒங்கப்பன் இருந்தா எனக்கு இந்த நெலம வந்திருக்காது

செல்வி அத்தை: அண்ணே செத்தவன ஏன் இழுக்குற

தேன்மொழி: இருக்கட்டும் அத்தை. பெரியப்பா, கடன நான் மறக்கல. நான் படிச்சதுல ஒங்க காசும் இருக்கு. ஆனா அப்பா பங்குக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

(பெரியப்பா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்)

சித்தப்பா சிங்கப்பூர்: கடன் எவ்வளவு நிக்குதுன்னு ராத்திரி போன்ல சொல்லு அண்ணே. இங்க போட வேணாம்

சரவணன்: மாமா, வாய்க்காலத் தூர் வாரலாமா? வாய் மேடாயிருக்கும்

தேன்மொழி: வாயி நல்லா தூந்துதான் கெடக்கு. நம்ம பக்கம் ஏத்தவத்தமே கொஞ்சம்தான், கொஞ்சம் மேடானாலும் தண்ணி ஏறாது. ஆனா பக்கத்துல அலையாத்தி இருக்கு, வனத்துறைய கேக்காம மம்பட்டி வைக்கக் கூடாது. விண்ணப்பம் நான் எழுதுறேன். பெரியப்பா பேருல எழுதட்டுமா?

(பெரியப்பா படித்துவிட்டார்)

செல்வி அத்தை: அண்டா கெடச்சிருச்சு. எங்க பரண்லதான் இருந்துச்சு

கலா சின்னம்மா: போன வருசம் என்னைய எத்தன பேச்சுப் பேசுனீங்க அண்ணி

ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா (காலை 5:40): திங்கக்கிழமை வரவேணாம்னு சொல்லிட்டேன். தெவசம் முடிஞ்சு பேசிக்கலாம்னு இருக்கேன். குடுக்கலன்னு சொல்லல

பெரியப்பா: அந்த வாய்க்காவோட வாயி நீ நெனைக்கிற எடத்துல இல்ல தேனு. கிழக்க, பழைய பூவரசு நின்ன பக்கம். அப்பா வெட்டுறப்ப கூட மண்ணு சொமந்தவன் நான்

தேன்மொழி: எனக்குக் காட்டுங்க பெரியப்பா

சரவணன்: எப்பன்னு சொன்னா போட் எடுத்து வைக்கிறேன்

செல்வி அத்தை: நானும் வர்றேன்

கலா சின்னம்மா: தெவசத்துக்கு இன்னும் மூணு வீடு எண்ணிக்கை சொல்லல