உதவி: வரி டபுளாகிவிட்டது, எந்தத் திரிபியூனலில் போடுவது?

லயத்துப்பையன்:
வணக்கம். அவசரம். எங்கள் வீட்டு வரியை இரண்டு மடங்காக ஏற்றிவிட்டார்கள். கடிதம் வந்து கொஞ்ச நாள் ஆகிறது, இன்றுதான் பிரித்துப் பார்த்தேன். இதற்கு எந்தத் திரிபியூனல் (தீர்ப்பாயம்)? மனுப் பாரம் எங்கே கிடைக்கும்? லோயர் வேண்டுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

செம்பனைக்காட்டான்:
எந்த வரி தம்பி? சுக்காய் பிந்துவா, சுக்காய் தானாவா? முதலாவது மஜ்லிஸ் (ஊராட்சி மன்றம்) போடும் வீட்டு வரி, இரண்டாவது நில அலுவலகத்தின் நில வரி. அது தெரியாமல் என்ன சொல்வது?

குளுவாங் மாமா:
மலேசியாவில் எந்த மாநிலம்? எங்கள் ஜொகூரில் வாடகைக் கணக்கு இல்லை, வீடும் நிலமும் சேர்த்து என்ன விலை போகும் என்று பார்ப்பார்கள். மற்ற இடங்களில் ஆண்டு மதிப்பு, அதாவது ஒரு வருஷ வாடகைக் கணக்கு.

அஞ்சுவெள்ளி:
பயனீட்டாளர் திரிபியூனலுக்குப் போங்கள் பாஸ். 5 வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம், லோயர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். என் வாஷிங் மெஷின் விஷயத்தை அங்கேதான் முடித்தேன். கடைக்காரன் பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

முன்னாள் கிராணி:
ஆரம்பித்துவிட்டார்கள். பயனீட்டாளர் திரிபியூனல் விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் நடுவில் உள்ள தகராறைக் கேட்கும். மஜ்லிஸ் இவருக்கு வாஷிங் மெஷின் விற்கவில்லை. வீடு வாங்குவோருக்கான திரிபியூனல் மேம்பாட்டாளர் மேல் புகார் சொல்ல. ஸ்ட்ராத்தா திரிபியூனல் அடுக்குமாடி நிர்வாகச் சண்டைக்கு. வீட்டு வரி மதிப்பீட்டைக் கேட்க தீபகற்பத்தில் திரிபியூனலே கிடையாது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், சட்டம் 171. செக்‌ஷன் 142, 145. படித்துவிட்டு வந்து கேளுங்கள். இதை இங்கே எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

பெர்ஜுந்தை அக்கா:
கிராணி சார் நம்பரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார், அந்தப் பிள்ளை எங்கே போய்ப் படிக்கும்? தம்பி, திரிபியூனல் இல்லை என்பது உண்மைதான். முதலில் மஜ்லிஸிடமே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். அவர்கள் கூப்பிட்டு விசாரிப்பார்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் நேரே உயர்நீதிமன்றம், முடிவுக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள். ஆட்சேபம் கொடுக்காதவருக்கு அந்த மேல்முறையீடும் இல்லை. அதனால் இப்போதைக்குத் தேதிதான் முக்கியம். கடிதத்தில் புதிய மதிப்பீட்டுப் பட்டியல் என்று இருக்கிறதா, பட்டியலில் திருத்தம் என்று இருக்கிறதா? புதிய பட்டியல் என்றால், அதைப் பரிசீலிக்கக் குறித்த நாளுக்கு 14 நாள் முன்பே கொடுத்திருக்க வேண்டும். திருத்தம் என்றால் செக்‌ஷன் 144, அதற்கு வேறு கெடு. வீட்டில் ஏதாவது இழுத்துக் கட்டினீர்களா?

லயத்துப்பையன்:
சுக்காய் பிந்து. பேராக். திருத்தம் என்று போட்டிருக்கிறது. ஆண்டு மதிப்பு 2,400, இப்போது 4,800. வரி 192 வெள்ளியாக இருந்தது, இனி 384. பின்பக்கம் அடுப்படி இழுத்துக் கட்டியிருக்கிறோம். தோட்டத்தை விட்டு வந்தபோது வாங்கிய டேரஸ் வீடு. கடிதம் அப்பா பேரில் வந்திருக்கிறது, அப்பா போன வருஷம் தவறிவிட்டார்.

செம்பனைக்காட்டான்:
இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா தம்பி!

நீதிப்பிரியன்:
ஜூடிஷியல் ரிவியூ (நீதிமன்ற மறுஆய்வு) போடுங்கள். 3 மாதம் டைம் இருக்கிறது. எல்லோரும் 14 நாள் என்று பயமுறுத்துகிறார்கள்.

பெர்ஜுந்தை அக்கா:
சட்டமே ஒரு வழி வைத்திருக்கும்போது அதில் ஏன் போகவில்லை என்றுதான் கோர்ட்டில் முதல் கேள்வி வரும். நோட்டீஸே கொடுக்காமல் ஏற்றினார்கள், அதிகாரமே இல்லாமல் செய்தார்கள் என்றால் ரிவியூ பற்றி யோசிக்கலாம். மதிப்பு அதிகம் என்பதற்கு அது வழி இல்லை.

லண்டன் மச்சான்:
இங்கிலாந்தில் வேலுவேஷன் டிரிபியூனல் என்று தனியாகவே ஒன்று உண்டு. கவுன்சில் டாக்ஸ் அப்பீலுக்குக் காசே வாங்குவதில்லை. நம் ஊரில் மதிப்புப் போட்டவனிடமே போய் முறையிட வேண்டுமாம். என்ன நாடு இது?

முன்னாள் கிராணி:
அங்கேயும் எல்லாவற்றையும் அந்த டிரிபியூனல் கேட்காது, மச்சான் கொஞ்சம் விசாரித்துவிட்டு எழுதலாம். கடைக்கான வரியில் மதிப்பு தப்பு என்றால் டிரிபியூனல். நான் கட்ட வேண்டியவனே இல்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். இடம் மாறிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

லண்டன் மச்சான்:
இருக்கிறதா இல்லையா என்பதுதான் சார் பேச்சு. இருக்கிறது. இங்கே 192 வெள்ளி வித்தியாசத்துக்கு உயர்நீதிமன்றம் போகச் சொல்கிறீர்கள். லோயர் பீஸை வைத்து இருபது வருஷ வரி கட்டிவிடலாம்.

ரப்பர்மரம்:
வரியே எதற்கு? எங்கள் தாமானில் (குடியிருப்பில்) தெருவிளக்கு எரிவதில்லை, குப்பை லாரி வந்தால் திருவிழா. தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது எல்லாம் தோட்ட நிர்வாகம் பார்த்தது, நாம் ஒரு காசு கட்டினோமா? ஆட்சேபத்தில் இதையே எழுதுங்கள்.

செம்பனைக்காட்டான்:
பார்த்தது! எங்கள் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய்க்கு எத்தனை பேர் வரிசையில் நின்றோம் என்று கேட்டுப் பாருங்கள்.

ரப்பர்மரம்:
உங்கள் தோட்டம் எது? எங்களுடையதில் அப்படி இல்லை. ஆஸ்பத்திரி, ஆயாக்கொட்டகை, கோயில் எல்லாம் இருந்தது.

செம்பனைக்காட்டான்:
கோயிலை நாம்தானே காசு போட்டுக் கட்டினோம்?

பெர்ஜுந்தை அக்கா:
நீங்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். தம்பி, விளக்கு எரியவில்லை, வருமானம் இல்லை, இதெல்லாம் மதிப்பீட்டுக்கு எதிரான காரணம் ஆகாது. வரி விகிதத்தையும் இந்த வழியில் கேட்க முடியாது. ஆண்டு மதிப்பு என்றால், பழுதுபார்ப்பு, காப்புறுதி, வரி எல்லாம் வீட்டுக்காரரே கட்டுவதாக வைத்து ஒரு வருஷத்துக்கு என்ன வாடகை வரும் என்பது. 4,800 என்றால் மாதம் 400 வெள்ளி. உங்கள் வரிசையில் அடுப்படி இழுத்த வீடு எதுவும் 400க்குப் போகிறதா? குறைவாகப் போனால் முத்திரை போட்ட வாடகை ஒப்பந்த நகல் இரண்டு மூன்று வாங்குங்கள். இழுத்துக் கட்டிய அளவைத் தப்பாக எழுதியிருக்கிறார்களா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள், அது அடிக்கடி நடக்கும். அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகலை வைத்து, வாரிசு என்று உங்கள் பெயரில் கையெழுத்துப் போடுங்கள். பெயர் மாற்றத்தைத் தனியாகச் செய்யுங்கள், இதோடு குழப்ப வேண்டாம். கேஸ் நடக்கிறது என்று வரியை நிறுத்தாதீர்கள். பிப்ரவரி கடைசி, ஆகஸ்ட் கடைசி தாண்டினால் பாக்கிக்கு போராங் இ என்ற நோட்டீஸ் வரும், அப்புறம் வாரண்டோடு ஆள் வந்து சாமானை ஜப்திக்கு எழுதுவார்கள். விசாரணைக்கு நீங்களே போகலாம், ஆள் வைத்தும் பேசலாம். இந்த மாதிரி வீட்டுக்கு அந்த மேசையில் ஜெயித்தால்தான் உண்டு. லோயர் பீஸ் பற்றி மச்சான் சொன்ன கணக்கு சரிதான்.

முன்னாள் கிராணி:
இதைத்தான் நான் இரண்டு நம்பரில் சொன்னேன்.

அஞ்சுவெள்ளி:
திரிபியூனல் வைத்தால் எல்லோருக்கும் நல்லது. யாராவது மக்கள் பிரதிநிதியான ஒய்பியிடம் சொல்லுங்கள்.

நீதிப்பிரியன்:
தம்பி எங்கே? கெடு என்றைக்கு என்று இன்னும் சொல்லவே இல்லையே.

லயத்துப்பையன்:
கெடு இன்னும் தாண்டவில்லை. பக்கத்து வீட்டு ஒப்பந்தம் 280 வெள்ளி, நகல் கிடைத்தது. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், நகலில் சாப் (முத்திரை) அடித்துத் தந்தார்கள். நன்றி அக்கா.

தாப்பா வாசி:
எங்கள் தாமானுக்கும் இதே கடிதம் வந்திருக்கிறது. லயத்துப்பையன், விசாரணையில் என்ன சொன்னார்கள்? யாராவது அவரைத் தொடர்புகொள்ள முடியுமா?