எஸ்ஓஆர் வந்துவிட்டது, பழைய கடனும் டியூஐயும் இருந்தால் கிளியரன்ஸ் தங்குமா?

இரவுப்பறவை:
வர்ஜீனியாவில் பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை, சீக்ரெட் கிளியரன்ஸ் (அரசின் ரகசியத் தகவலைப் பார்க்கிற அனுமதி) உண்டு. 2017-இல் விவாகரத்து, கிரெடிட் கார்டு கடன் ஏறி இரண்டு கணக்கு கலெக்‌ஷனுக்குப் போனது, அப்புறம் குடியும் கூடிக்கொண்டே போய் 2023-இல் டியூஐ, அதாவது குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு. கைதானதை உடனே ஆபீஸ் பாதுகாப்பு அதிகாரியிடம் (எஃப்எஸ்ஓ) சொல்லிவிட்டேன், கோர்ட் சொன்ன வகுப்புகளும் முடிந்தன, இப்போது குடிப்பதில்லை. போன வாரம் எஸ்ஓஆர் (கிளியரன்ஸை ஏன் தரக்கூடாது என்று அரசு எழுதும் காரணப் பட்டியல்) வந்தது, கைட்லைன் எஃப் (பணப் பிரச்சினை), ஜி (குடி) இரண்டிலும். ஒரு கடனுக்குத் தவணை கட்டுகிறேன், இன்னொன்று இப்போது கிரெடிட் ரிப்போர்ட்டிலேயே இல்லை. அதை விட்டுவிடலாமா? எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதுமா?

பழைய எஃப்எஸ்ஓ:
போதாது நண்பரே. கையில் கிடைத்த நாளிலிருந்து 20 நாளில் பதில் போயாக வேண்டும், ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று எழுத வேண்டும். நேரம் பற்றாது என்றால் அவகாசம் கேளுங்கள், சும்மா மட்டும் இருக்காதீர்கள். காகிதத்தை வைத்தே முடிவு செய்யுங்கள் என்றும் சொல்லலாம், டோஹா (பாதுகாப்புத் துறையின் விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகம்) நீதிபதி முன் விசாரணையும் கேட்கலாம். நான் விசாரணை என்றுதான் சொல்வேன். குடியை விட்டவன் எப்படிப் பேசுகிறான் என்பது காகிதத்தில் தெரியாது. 1988-இல் ஈகன் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை இல்லை. சந்தேகம் மிஞ்சினால் உங்களுக்கு எதிராகத்தான் போகும், நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

கணக்குப்பிள்ளை:
ரிப்போர்ட்டிலிருந்து விழுந்த கடன் தீர்ந்த கடன் ஆகாது, டோஹா மேல்முறையீட்டு வாரியம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதற்காக இன்றைக்கே எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும் என்றும் இல்லை. நம்பும்படி ஒரு திட்டம், அதன்படி கட்டிக்கொண்டு வருகிற தடயம், இதைத்தான் பார்ப்பார்கள். தவணை ஒப்பந்தக் கடிதம், பணம் போன வரி தெரிகிற வங்கி ஸ்டேட்மென்ட், மாத வரவுசெலவு, எல்லாம் வேண்டும். விவாகரத்து உங்கள் கையை மீறியதுதான், ஆனால் அதற்கப்புறம் கடன்காரரை எப்போது அழைத்தீர்கள் என்று கேட்பார்கள், எஸ்ஓஆர் வந்த மறுநாள் முதல் தவணை கட்டியிருந்தால் அது கண்ணை உறுத்தும். லாப நோக்கமில்லாத கடன் ஆலோசனை மையத்துக்குப் போனால் அது விதியிலேயே சாதகமாக எழுதப்பட்ட விஷயம். பாதிக் கடனைக் கரைக்கிறோம் என்று போன் அடிக்கிறவர்கள் பக்கம் போகாதீர்கள். வருமான வரி தாக்கல் பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள், கார்டு கடனைவிட அதைத்தான் கடுமையாகப் பார்க்கிறார்கள்.

மோர்க்குழம்பு:
குடி விஷயத்தில் ஒன்று. கோர்ட் வகுப்பு சிகிச்சை இல்லை. லைசென்ஸ் உள்ள நிபுணர் ஒருவரிடம் மதிப்பீடு வாங்குங்கள், இப்போதைய நிலை என்ன, இனி எப்படி என்று எழுத்தில். அவர் மது சார்ந்த கோளாறு என்று எழுதி, தொடவே கூடாது என்று சொன்னால், கல்யாண வீட்டில் ஒரு பீர் குடித்தாலும் சிகிச்சை ஆலோசனையை மீறியது என்று அதையே தனிக் குற்றச்சாட்டாக வைக்க முடியும். விசாரணையில் "கடைசியாக எப்போது குடித்தீர்கள்" என்ற கேள்வி நிச்சயம் வரும், அங்கே மழுப்பக்கூடாது.

இரவுப்பறவை:
நன்றி எல்லோருக்கும். இன்னொன்று இருக்கிறது. 2009-இல் ஒரு டியூஐ, கோர்ட்டில் ரெக்லஸ் டிரைவிங்காகக் குறைத்துவிட்டார்கள். பழசு என்று எஸ்எஃப்-86-இல் (கிளியரன்ஸ் விண்ணப்பப் படிவம்) எழுதவில்லை. எஸ்ஓஆரிலும் அது இல்லை.

பழைய எஃப்எஸ்ஓ:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஏழு வருட வரம்பு மற்ற சில கேள்விகளுக்குத்தான். மது, போதை சம்பந்தமாக எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டதுண்டா என்றுதான் 22-ஆம் பிரிவு கேட்கிறது, அப்புறம் எதுவாகக் குறைத்தார்கள் என்பது வேறு கதை. இது கைட்லைன் ஈ, நேர்மை பற்றியது, கடனையும் குடியையும் விட மோசம். அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நீங்களாகவே திருத்தினால் அதற்கு மதிப்பு உண்டு, கேட்ட பிறகு சொன்னால் கிட்டத்தட்ட இல்லை. எஸ்ஓஆருக்கு ஒரு வரி எழுதுவதற்கு முன் கிளியரன்ஸ் வழக்கு பார்க்கிற வக்கீலிடம் போங்கள், 2009 கோர்ட் பேப்பரையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.